உங்கள் ஊருக்கு ஓர் அக்கா ஊர் பிடிப்பது எப்படி?

ஊருக்கு ஊர் உறவு வைத்துக்கொள்வது சம்பந்தம் பேசுவதைப் போலத்தான். ஜாதகம் வேண்டும், தரகர் வேண்டும், நாலு தடவை போய்ச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். கடைசியில் ஒன்றும் நடக்காவிட்டால், "எல்லாம் பொருந்தித்தான் வந்தது, சீர்வரிசையில் நின்றுபோச்சு" என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். மலாக்காவில் மூன்று விழாக் குழுக்களில் உட்கார்ந்தவன், ஒன்றில் பொருளாளராக இருந்தவன், இன்னொன்றில் கணக்குக் கேட்டதால் வெளியே அனுப்பப்பட்டவன் என்ற தகுதியில் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதலில் பெயரை மனப்பாடம் செய்யுங்கள். "சுதந்திரத்துக்காக நடந்த அமைதிப் போராட்டத்தை நினைவுகூரும் சகோதர நகரப் பண்பாட்டுப் பரிமாற்ற விழா." ஒரே மூச்சில் சொல்லிப் பழக வேண்டும். மைக் முன்னால் பாதியில் மூச்சு வாங்கினால், முடிந்துவிட்டதென்று கூட்டம் கைதட்டிவிடும். அப்புறம் மீதியைச் சொல்ல முடியாது.

படி 1: ஜாதகம்

மலாக்காவுக்கு வெளிநாட்டு உறவு புதிதல்ல. 1984இல் லிஸ்பன். 1989இல் நெதர்லாந்தின் ஹூர்ன். 1991இல் சிலி நாட்டின் வல்பரைசோ. முதல் இரண்டையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 1511இல் பீரங்கியோடு வந்து இந்த ஊரைப் பிடித்தவர்களின் தலைநகரம் லிஸ்பன். 1641இல் அவர்களை விரட்டிவிட்டுத் தான் உட்கார்ந்துகொண்டது டச்சுக் கம்பெனி. கிழக்கே அந்தக் கம்பெனியை வளர்த்துவிட்ட கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்ஸோன் கூன் பிறந்த ஊர் ஹூர்ன். அங்கே அவருக்குச் சிலையும் இருக்கிறது. ஆக, நம்மை அடித்த இரண்டு வீட்டிலும் சம்பந்தம் முடித்தாயிற்று. பழைய பகையை மறப்பதற்குப் பெரிய மனது வேண்டும். பகையாளி வீட்டு விருந்து நன்றாக இருந்தால் நடுத்தர மனதே போதும்.

தமிழர்கள் சிரிக்க வேண்டாம். போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க் ஊரைப் பிடித்த கையோடு பெண்டஹாரா என்ற பெரும் பதவியைக் கொடுத்தது நம்ம ஆளுக்குத்தான். நைனா சத்து என்ற தமிழ் வணிகர். 1514இல் அந்தப் பதவியை வேறொருவருக்குத் தூக்கிக் கொடுத்தபோது, அவமானம் தாங்காமல் சிதை மூட்டி அதில் இறங்கி உயிர்விட்டார் என்று போர்த்துகீசியர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். பதவி போனால் தீயில் இறங்கிய தலைவர் இருந்த ஊர் இது. இப்போது பதவி போனால் பக்கத்துக் கட்சியில் இறங்குகிறார்கள். ஐந்நூறு வருஷத்தில் இவ்வளவாவது முன்னேறியிருக்கிறோம்.

லிஸ்பனை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. 1974 ஏப்ரல் 25ஆம் தேதி அங்கே ராணுவமே சர்வாதிகாரத்துக்கு எதிராகத் திரும்பியது. அன்று செலஸ்ட் கைரோ என்ற சாப்பாட்டுக்கடைத் தொழிலாளி, கடையின் ஆண்டு விழாவுக்கு வாங்கி வீணாய்ப்போன கார்னேஷன் பூக்களை வீட்டுக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்தார். வழியில் ஒரு சிப்பாய் சிகரெட் கேட்டார். அது இல்லாததால் பூவைக் கொடுத்தார். சிப்பாய் அதைத் துப்பாக்கிக் குழலில் செருகிக்கொண்டார். புரட்சிக்கே அந்தப் பூவின் பெயர் வந்துவிட்டது. இதை எங்கள் கூட்டத்தில் நான் சொன்னபோது, "அந்தம்மாவுக்கு யாராவது பொன்னாடை போத்துனாங்களா?" என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. பூ வாங்கிக் கொடுத்தவரை விட்டுவிட்டுப் பூவை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதுதான் உலக வழக்கம். அந்த வழக்கத்தை விழாவாகக் கொண்டாடுவது எப்படி என்பதே இந்தக் கட்டுரை.

நம் பக்கத்து ஜாதகம் அமோகமானது. லண்டனில் பேச்சுவார்த்தை முடித்துத் திரும்பிய துங்கு அப்துல் ரஹ்மான், 1956 பிப்ரவரி 20 அன்று பத்து பெரெண்டாமில் விமானம் இறங்கி, பண்டார் ஹிலிர் திடலுக்கு ஊர்வலமாக வந்து, 1957 ஆகஸ்ட் 31 என்று சுதந்திரத்துக்கு நாள் சொன்னார். நாட்டுக்கே முகூர்த்தம் குறித்த ஊர். திடலுக்கு எதிரே வெள்ளைக்காரர்கள் மாலை நேரத்தில் உட்கார்ந்து குடித்த மலாக்கா கிளப் கட்டடம். 1985இல் அதுவே சுதந்திரப் பிரகடன நினைவகம் ஆனது. இப்போது அந்தப் பக்கம் பேரங்காடி வந்துவிட்டதால் சுதந்திரத்தைத் தேடிப் போகிறவர்கள் கார் நிறுத்த இடம் தேடிவிட்டுத் திரும்பி வருகிறார்கள்.

அதே வருஷங்களில் காட்டுக்குள் துப்பாக்கிச் சண்டை நடந்துகொண்டிருந்தது, 1948இல் தொடங்கிய அவசரகாலம் 1960 வரை நீடித்தது என்பதையெல்லாம் வரவேற்புரையில் சேர்க்காதீர்கள். விழாவின் தலைப்பில் "அமைதி" என்ற சொல் இருக்கிறது. அதற்காக ஏற்கனவே பேனர் அடித்தாயிற்று.

பேனரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழ் தெரியாத கடையில் அடித்தால் எழுத்து உடையும். எங்களுக்கு "அமைதி" உடைந்தது. ‘ம’வின் முன்னால் நிற்க வேண்டிய கொம்பு கழன்று ‘த’வின் முன்னால் போய் நின்றுகொண்டு, பத்தடி அகலத்தில் "அமதைி" என்று வந்தது. "யார்லா படிக்கப் போறாங்க, அண்ணே" என்றார் பேனர் கொண்டுவந்த தம்பி. அவர் சொன்னதே சரி. மூன்று நாள் வாசலில் தொங்கியது, ஒருவரும் கேட்கவில்லை.

படி 2: வரன்

வேதாரண்யத்தைச் சிபாரிசு செய்கிறேன். வல்பரைசோ தூரம். சென்னையை ஏற்கனவே கோலாலம்பூர் பிடித்துவிட்டது. வேதாரண்யத்துக்கு வெளிநாட்டுச் சம்பந்தம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை, கேட்டால் ஒத்துக்கொள்வார்கள்.

காரணம் கேட்பார்கள். 1930 ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி உப்புச் சட்டத்தை மீறுவதற்காகச் சுமார் நூறு தொண்டர்களோடு நடக்கத் தொடங்கினார். தஞ்சாவூர், கும்பகோணம், திருத்துறைப்பூண்டி வழியாகப் பதினைந்து நாள், ஏறக்குறைய 150 மைல். ஏப்ரல் 28 வேதாரண்யம். 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் உப்பை அள்ளினார், கைதானார். இதுவரை பாடப்புத்தகம்.

பாடப்புத்தகத்துக்கு வெளியே இரண்டு விஷயம் இருக்கிறது. தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன், இந்த ஊர்வலக்காரர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று ஊர் ஊராக அறிவித்தார். ஜனங்கள் சட்டத்தை மீறவில்லை. யாரும் யாருக்கும் சோறு போடவில்லை. பொட்டலமாகக் கட்டி மரக் கிளையில் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மரம் சோறு போட்டால் மரத்தைத்தானே பிடிக்க வேண்டும்? 

இரண்டாவது, வைரப்பன். வேதாரண்யத்தில் சவரத் தொழிலாளி. போலீசுக்கும் உப்பு அதிகாரிகளுக்கும் சிரைப்பதில்லை என்று ஊரில் கட்டுப்பாடு. சாதாரண உடையில் வந்து உட்கார்ந்த ஒருவருக்குப் பாதி முகம் வழித்தபிறகுதான் ஆள் போலீஸ் என்று தெரிந்தது. கத்தியை மடக்கி வைத்துவிட்டார். பாதித் தாடியோடு போலீஸ்காரர் அவரை இழுத்துக்கொண்டு நீதிபதியிடம் போக, மீதியையும் சிரைத்துவிடு என்று நீதிபதி சொல்ல, வேண்டுமானால் நீங்களே சிரைத்துவிடுங்கள் என்று சொல்லி வைரப்பன் சிறைக்குப் போனார். வேதாரண்யத்தில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது. சவரக் கத்திக்காக ஒருவருக்குத் தூண் வைத்த ஊர் வேறு இருந்தால் சொல்லுங்கள், அதையும் பரிசீலிக்கலாம்.

உறவுமுறையும் பொருந்தும். வேதாரண்யத்துக்கு வடக்கே, கடற்கரை ஓரமாகவே போனால் நாகப்பட்டினம். நம் தாத்தா பாட்டிகளில் பாதிப்பேர் கப்பலேறிய துறை. அந்த 1930இல்தான் ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆள் குறைத்து, ஆயிரக்கணக்கான தமிழர்களை வந்த வழியே கப்பலில் திருப்பி அனுப்பினார்கள். தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு பக்கம் உப்புக்காக நடந்துபோகிறவர்கள். இன்னொரு பக்கம் பால்வாளியை வைத்துவிட்டுத் தகரப்பெட்டியோடு வீடு திரும்புகிறவர்கள். திருத்துறைப்பூண்டி சாலையில் எங்காவது இருவரும் எதிர் எதிரே பார்த்திருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. நிரூபிக்க முடியாது. ஆகவே சிறப்பு மலரில் போடலாம்.

படி 5: நாள் குறித்தல்

(படி 3, 4 குழுவின் பரிசீலனையில் இருக்கின்றன.)

பிப்ரவரி 20 வேண்டும் என்று ஒரு கட்சி. ஏப்ரல் 30 என்று இன்னொரு கட்சி. ஆகஸ்ட் 31தான் முறை என்று தலைவர். மூன்று கூட்டம் இதிலேயே போகும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் பசியாற நாசி லெமாக்கும் தே தாரேயும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் செயலாளர் ஒரு கேள்வி கேட்பார்: "ஒய்.பி. எப்ப ஃபிரீ?" அத்தோடு வரலாறு முடிவுக்கு வரும். சட்டமன்ற உறுப்பினரான அந்த ஒய்.பி.க்கு ஒழிந்த சனிக்கிழமை எதுவோ அதுவே சுதந்திர நாள்.

பட்டங்களில் தவறு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழில் "பட்டம்" என்றால் காற்றில் பறப்பதும் உண்டு. இது அந்த வகை அல்ல, அறுந்தால் வலிக்கும். துன், டான் ஸ்ரீ, டத்தோ ஸ்ரீ, டத்தோ என்று வரிசை. ஷாருக் கானுக்கே 2008இல் டத்தோ பட்டம் கொடுத்த மாநிலம் நம்முடையது. கூட்டத்தில் தெரியாத முகம் இருந்தால் பாதுகாப்புக்காக "டத்தோ" என்றே கூப்பிடுங்கள். இதுவரை யாரும் மறுத்ததில்லை.

என் பெரியம்மாவுக்கு மட்டும் பிப்ரவரி 20 தான். ஜாசின் பக்கத்துத் தோட்டத்திலிருந்து லோரியில் ஏற்றி வந்தார்களாம். அவருக்கு அப்போது ஒன்பது வயது. துங்கு என்ன பேசினார் என்று கேட்டால், "கூட்டத்துல ஒண்ணும் கேக்கல. ஒரு பக்கத்துச் செருப்பு போயிருச்சு. அப்பா ஐஸ் கெப்பால் வாங்கிக் கொடுத்தாரு, சிவப்புத் தண்ணி ஊத்தி. ஆளுங்க மெர்டேக்கா மெர்டேக்கான்னு கத்துனாங்க, நானும் கத்துனேன்" என்பார். அப்புறம் மறக்காமல் சேர்ப்பார்: "மறுநாள் காலையில அஞ்சு மணிக்குப் பெரட்டு. மண்டோரு எப்பவும்போலத்தான் பேர் கூப்பிட்டாரு."

படி 6: தூதுக்குழு

பதினான்கு பேர் போகலாம். ஒருவருக்குத் தமிழ் படிக்கத் தெரிந்திருந்தால் நல்லது. பயணத்திட்டத்தைச் சமச்சீராகப் போடுங்கள்: வேதாரண்யம் அரை நாள், தி. நகர் மூன்று நாள். உப்புச் சத்தியாகிரக நினைவிடத்தில் எடுக்கிற படத்தில் எல்லோருடைய கையிலும் துணிக்கடைப் பை தெரியாமல் பார்த்துக்கொள்வது புகைப்படக்காரரின் பொறுப்பு.

பதிலுக்கு அங்கிருந்து வருகிறவர்களை எங்கே அழைத்துப் போவது? எல்லோரும் சிவப்பு ஸ்டாதைஸ் கட்டடத்துக்குத்தான் கூட்டிப்போவார்கள், அது டச்சுக்காரர்களுடையது. ஆ ஃபமோசா வாசல் போர்த்துகீசியர்களுடையது. மலாக்கா வரலாற்றைக் காட்டுகிறோம் என்று கூட்டிப்போய், அடித்தவர்களின் வீடுகளையே காட்டி அனுப்பினால் விருந்தாளி குழம்புவார். ஜலான் துக்காங் எமாஸில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். ஒரே தெருவில் பிள்ளையார் கோயில், கம்போங் கிளிங் பள்ளிவாசல், கொஞ்சம் தள்ளி செங் ஹூன் தெங் சீனக் கோயில். "சண்டையே வராதா?" என்று கேட்பார்கள். வரும் என்று சொல்லுங்கள், கார் நிறுத்துவதற்கு.

பிறகு காஜா பெராங்கில் மலாக்கா செட்டிகள் கிராமம். இங்கே முன்னெச்சரிக்கை தேவை. வேதாரண்யத்து அம்மா, கெபாயா சாரோங் கட்டி நெற்றியில் திருநீறு பூசிய ஒரு செட்டி மூதாட்டியைப் பார்த்து, "நீங்க தமிழாம்மா?" என்று தமிழில் கேட்பார். அவர் மலாயில் பதில் சொல்வார். இவருக்குப் புரியாது. இருவரும் மாரியம்மன் சந்நிதியில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே மாதிரி கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பண்பாட்டுப் பரிமாற்றம் என்று தலைப்பில் போட்டிருந்தோமே, அது நடந்தது அந்த ஒரு நிமிஷத்தில்தான். அப்போது புகைப்படக்காரர் சென்டோல் குடிக்கப் போயிருப்பார்.

இன்னும் நேரம் இருந்தால் புக்கிட் லிந்தாங். 1896இல் டான் சாய் யான் வணிகத்துக்காக ரப்பர் நட்ட இடம். இந்த நாட்டில் அதற்கு அதுவே தொடக்கம். நம்மை இங்கே கொண்டுவந்து சேர்த்த மரத்தின் பிறந்த வீடு. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று சுற்றுலா ஆலோசகர் ஒருவர் எங்கள் பட்டியலிலிருந்து அதை அடித்துவிட்டார். பால்மரத்தைப் பிடுங்கிச் செம்பனை வைத்தாயிற்று, செம்பனையைப் பிடுங்கி வீடு கட்டுகிறார்கள், தோட்டத்துச் சனம் டவுனுக்கு வந்தாயிற்று. உண்மையில் பார்க்க என்ன இருக்கிறது?

படி 7: சீர்வரிசை

விழா மரபுப்படி நினைவுக் கேடயம் கொடுத்து நினைவுக் கேடயம் வாங்க வேண்டும். இரண்டும் ஒரே கடையில் செய்தவையாகவும் இருக்கலாம், பின்பக்கம் பார்க்காதீர்கள். பொன்னாடை எண்ணிக்கை, மேடையில் இருப்பவர்களின் எண்ணிக்கையைவிட ஐந்து அதிகம் வேண்டும். கூப்பிடாதவர்களும் ஏறுவார்கள்.

நான் வேறொன்று சொன்னேன். அவர்கள் வேதாரண்யத்து உப்பு கொண்டு வரட்டும், நாம் மலாக்காக் கருப்பட்டி கொடுப்போம். கூலா மலாக்கா என்றால் உலகத்துக்கே தெரியும். உப்பும் வெல்லமும் மாற்றிக்கொண்டால் சம்பந்தம் நிற்கும். எல்லோருக்கும் பிடித்திருந்தது. உடனே செயலாளர், "அப்ப உப்பு கொண்டு வர்றதுக்கு அனுமதி கேட்டு ஒரு சூராட் போட்டுருவோம்" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உப்பு எடுக்க அனுமதி கேட்கக் கூடாது என்பதற்காக நூறு பேர் 150 மைல் நடந்ததன் நினைவாக, உப்பு எடுக்க அனுமதி கேட்டு, மூன்று நகல்களோடு, தலைவர் கையெழுத்து வைத்து, ஒரு கடிதம். நண்பர்களே, வழிகாட்டி என்ற முறையில் சொல்கிறேன்: கடிதம் போட்டுவிடுங்கள். விமான நிலையத்தில் சத்தியாகிரகம் செய்ய நமக்கு இப்போது உடம்பு தாங்காது.

இன்னொன்றும் சொன்னேன், அது எடுபடவில்லை. ஒரு பழைய சைக்கிளை வேதாரண்யத்துக்கு அனுப்பலாம் என்பது என் யோசனை.

எதற்கு சைக்கிள் என்றால், 1941. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம். முன்னால் நின்றவர்களில் ஒருவர் ஆர்.எச். நாதன். சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கிற கூலி எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். பிள்ளைகளுக்குச் சரியான படிப்பு, லயத்துப் பெண்களிடம் வாலாட்டுவதை நிறுத்துவது, கள்ளுக்கடையை மூடுவது என்று பட்டியல் நீண்டது. அதில் ஒரு வரி: எதிரே தோட்டத் துரையோ கணக்கெழுதும் கிராணியோ வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம். இதைக் கூலிக் கணக்கில் சேர்க்க முடியாது. சம்பளத்தை எத்தனை காசு உயர்த்தினாலும் சைக்கிளிலிருந்து இறங்குகிறவன் இறங்கித்தானே ஆக வேண்டும்? மே மாதம் நாதனைப் பிடித்தார்கள், பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். தோட்டங்களுக்குப் பட்டாளம் வந்தது, சுட்டார்கள், தொழிலாளர்கள் செத்தார்கள். அது கிள்ளான், நம் மாநிலம் இல்லை என்று குழுவில் ஒருவர் சுட்டிக்காட்டினார். லிஸ்பன் எந்த மாநிலம் என்று நான் கேட்டேன். அந்தக் கூட்டத்தில்தான் பொருளாளர் கணக்கைப் பற்றியும் கேட்டேன் என்பதால், வெளியே அனுப்பப்பட்டதற்கு எது காரணம் என்று எனக்கு இன்றும் உறுதியாகத் தெரியாது.

பூ, சவரக் கத்தி, சைக்கிள். மூன்றையும் ஒரே கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பெட்டிக்கு முன்னால் ரிப்பன் கட்டி வெட்ட வேண்டியிருக்கும், அதற்கு ஒய்.பி. வர வேண்டியிருக்கும். விட்டுவிட்டேன்.

படி 8: நாடகம்

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை வைத்து உப்புச் சத்தியாகிரகம் போடலாம். இந்த ஒரு படி மட்டும் எந்தக் குழுவாலும் கெடுக்க முடியாதது. எங்களுக்குக் காந்தியாக நடிக்க ஒன்பது பேர் இருந்தார்கள், ராஜாஜிக்குக் கறுப்புக் கண்ணாடி கிடைத்துவிட்டது. பாதித் தாடிப் போலீஸ்காரராக நடிக்கத்தான் ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கெஞ்சிக் கூத்தாடி ஒத்துக்கொள்ள வைத்தார் ஆசிரியை. முகத்தில் ஒரு பக்கம் மட்டும் கண்மையில் தாடி வரைந்தார்கள். ஒத்திகையில் அவன் மேடைக்கு வந்து ஒரு பக்கம் திரும்பி நின்றான், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுபக்கம் திரும்பினான். பள்ளியே சிரித்தது. தோட்டக்காரர், சிற்றுண்டிச்சாலை ஆன்டி, ஏதோ கையெழுத்து வாங்க வந்திருந்த பெற்றோர் எல்லோரும் சன்னலில் தொங்கிக்கொண்டு சிரித்தார்கள். "டீச்சர், அந்த முடிவெட்டுற அண்ணன் ஜெயிலுக்குப் போனப்ப அவங்க வீட்ல யாரு சம்பாரிச்சாங்க?" என்று வைரப்பனாக நடித்த பிள்ளை கேட்டது. ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் பேனரைப் பார்த்தேன்.

விழா அன்று பிரமுகர்கள் உரை ஒன்றரை மணி நேரம் நீண்டதால் வைரப்பன் காட்சியை வெட்டவேண்டி வந்தது. காந்தி வந்து கும்பிட்டார், ராஜாஜி உப்பு அள்ளினார், எல்லோரும் "ஜெய்ஹிந்த்" என்று சொல்லிவிட்டு உடனே "மெர்டேக்கா" என்றார்கள். பாதித் தாடி வரைந்த பையன் திரைக்குப் பின்னாலேயே நின்றுவிட்டுத் தாடியை அழிக்காமல் வீட்டுக்குப் போனான்.

படி 9: ஊர்வலம்

இங்கே அமைதியாகக் கூடுவதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது, 2012ஆம் ஆண்டினுடையது. முன்கூட்டியே போலீசுக்குத் தெரிவித்துவிடுங்கள். கலெக்டர் தோர்னுக்கு யாரும் தெரிவிக்கவில்லை, பாருங்கள் எவ்வளவு சிரமப்பட்டார்.

நடக்க ஆள் கிடைக்காது. டிரைஷாக்களை வாடகைக்குப் பிடியுங்கள். மலாக்கா டிரைஷாவைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: ஒவ்வொன்றிலும் ஆளுயரப் பொம்மை, பிளாஸ்டிக் பூ, கலர் பல்பு, ஊரே கேட்கும் பாட்டுப்பெட்டி. எங்கள் காந்தி ஹலோ கிட்டி வண்டியில் வந்தார். இளஞ்சிவப்புப் பூனையின் இரண்டு காதுக்கு நடுவே மொட்டைத்தலை. முன்னால் உறுமி மேளம், பின்னால் கொம்பாங், நடுவில் டிரைஷாக்காரர் போட்ட ரஜினி பாட்டு. சுற்றுலா வந்த சீனாக்காரர்கள் ஓடிவந்து படம் எடுத்தார்கள். எங்கள் விழாவைப் பற்றி அன்று அதிகம் பேருக்குத் தெரிந்தது அந்தப் பூனையால்தான்.

படி 10: முன்வரிசை

கடைசிப் படி, கவனமாகப் படியுங்கள். "சுதந்திரத்தை நேரில் கண்ட மூத்தோர் கௌரவிப்பு" என்று ஓர் அங்கம் கட்டாயம் வைக்க வேண்டும். மூத்தோர் இருந்தால் பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். ஆளுக்கு ஒரு ஹம்பர், உள்ளே மைலோ, பிஸ்கட், ஓட்ஸ். பெயர் கொடுக்கும் படிவத்தில், "மலேசியக் குடியுரிமை பெற்றவர்கள் மட்டும், நீல அடையாள அட்டை நகல் இணைக்கவும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எங்கள் படிவத்தில் இருந்தது. யார் சேர்த்தது என்று கேட்டதற்கு, எப்போதும் இருக்கிற வரிதான், பழைய படிவத்திலிருந்து அப்படியே எடுத்தது என்றார்கள்.

என் பெரியம்மாவுடையது சிவப்பு அட்டை. நிரந்தர வசிப்பாளர். லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்தவர், பிறப்புப் பத்திரம் எடுக்கவில்லை; எடுத்திருந்தால் ஏதோ ஒரு வெள்ளத்தில் போயிருக்கும். விண்ணப்பித்தார், கூப்பிட்டார்கள், மலாயில் கேள்வி கேட்டார்கள். கிராணிக்குக் கூடத் தமிழ் தெரிந்த தோட்டத்தில் அறுபது வயது வரை இருந்தவர் என்ன பதில் சொல்வார்? "பால்மரம் வெட்டத் தெரியுமான்னு கேட்டா சொல்லியிருப்பேன்" என்றார் வெளியே வந்து. அதற்குப் பிறகும் இரண்டு முறை போனார். ஒவ்வொரு தேர்தல் சமயத்திலும் வீட்டுக்கு வந்து விவரம் எழுதிக்கொண்டு போனார்கள். அவருக்குப் பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் சிவப்புதான். 1956 பிப்ரவரி 20 அன்று அதே லோரியில் வந்தவர்.

படிவத்தைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. "எனக்கு ஓட்ஸ் ஒத்துக்காது" என்றார்.

அந்தக் குழுவில் நான் இப்போது இல்லை. நாலு பேர் சேர்ந்து சின்னதாக வேறொன்று தொடங்கியிருக்கிறோம். பேனர் இல்லை, டத்தோ இல்லை. வேதாரண்யத்திலிருந்து யாரும் வரவில்லை. உப்பு மட்டும் ஒருவர் பெட்டியில் வந்து சேர்ந்தது, அனுமதி கேட்காமல். வருகிற பிப்ரவரி 20 காலையில் மூத்தவர்களைத் திடலுக்குக் கூட்டிப்போய் ஐஸ் கெப்பால் வாங்கிக் கொடுப்பது என்பதோடு நிகழ்ச்சி நிரல் முடிகிறது. பாதித் தாடிக் காட்சியும் உண்டு; அந்தப் பையன் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டான், ஆனாலும் வருகிறேன் என்றிருக்கிறான்.

ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ், டுரியான் துங்கல் பக்கம் உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ அன்றைக்கு அந்தத் திடலில் நின்றவர்கள் இருந்தால் பெயரைச் சொல்லுங்கள். அட்டை என்ன நிறம் என்று எழுத வேண்டாம். சக்கர நாற்காலி என்றால் மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், வேனில் இடம் பார்க்க வேண்டும்.